எக்கோ பொத்தான் எதை மிச்சப்படுத்துகிறது?

கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் டீக்கடையில் சேர்ந்தால், பேச்சு சீக்கிரமே மைலேஜுக்கு வந்துவிடும். “எக்கோல போட்டு ஓட்டுங்கண்ணே, மைலேஜ் கூடக் கிடைக்கும்” என்பார் இளையவர். “அட போப்பா, எக்கோல போட்டா வண்டி இழுக்கவே மாட்டேங்குது. இழுக்கலைன்னு இன்னும் கொஞ்சம் அமுக்குறோம். அப்புறம் எங்கேருந்து மிச்சம் வரும்?” என்பார் மூத்தவர். இருவர் ஓட்டுவதும் ஒரே மாடல் வண்டி. சாலையும் ஒன்றுதான், டீசல் போடும் பங்க்கும் ஒன்றுதான். இருவருமே தங்கள் அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

இந்தப் பொத்தான் நம் ஊர்களுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. 2016இல் வந்த டொயோட்டா இன்னோவா கிரிஸ்டாவில் எக்கோ, பவர் என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. 2017இல் வந்த டாடா நெக்ஸானில் எக்கோ, சிட்டி, ஸ்போர்ட் என்று மூன்று நிலைகள். இன்று நடுத்தர விலைக் கார்கள் பலவற்றில் இது உண்டு. பொத்தானை அழுத்தினால் இன்ஜின் மாறுவதில்லை, டயர் மாறுவதில்லை, வண்டியின் எடையும் குறைவதில்லை. ஆனாலும் வண்டி வேறு வண்டிபோல நடந்துகொள்கிறது. அப்படியென்றால் மாறுவது என்ன?

மிதிக்கும் இன்ஜினுக்கும் நடுவே

பழைய அம்பாசடரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இணைப்புக் கம்பிகள் அந்த அசைவை நேரே கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும். இன்ஜினுக்குள் காற்றை விடும் சிறு தகடு அங்கே திறக்கும். ஆங்கிலத்தில் த்ராட்டில் எனப்படும் அதை நாம் ‘காற்று மடல்’ என்று வைத்துக்கொள்ளலாம். கால் எவ்வளவு அழுத்துகிறதோ மடல் அவ்வளவு திறக்கும். நடுவில் யாரும் இல்லை.

இன்றைய கார்களில் அந்தக் கம்பி இல்லை. மிதியின் அடியில் ஓர் உணரி இருக்கிறது. கால் எவ்வளவு இறங்கியது என்பதை அது மின் சைகையாக இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி யோசித்து, மடலை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்து, ஒரு சிறு மோட்டாரால் அதைத் திறக்கிறது. டீசல் வண்டியில் மடலுக்குப் பதில், ஒவ்வொரு முறையும் எவ்வளவு டீசல் பீய்ச்சுவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வாய்க்கால் மதகு போதும். வயலுக்கு அருகிலுள்ள சிறு மதகின் பலகையை விவசாயியே தூக்கிக்கொள்வார். பலகை ஒரு சாண் ஏறினால் ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர் பாயும். பெரிய ஆற்றின் ஷட்டரை அவர் தொட முடியாது. அதைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரிடம் போய்த் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டும். லஸ்கர் கையில் இருக்கும் உத்தரவுப்படி திறப்பார். முறைப் பாசனக் காலத்தில் கேட்டதில் பாதி கிடைக்கும். தண்ணீர் தாராளமாக இருக்கும்போது கேட்பதற்கு முன்பே கிடைக்கும். அம்பாசடரின் மிதி முதல் வகை. இன்றைய காரின் மிதி இரண்டாம் வகை: அது மடலைத் திறக்கும் கருவியாக இல்லை, கணினியிடம் கொடுக்கும் விண்ணப்பமாகிவிட்டது. எக்கோ, ஸ்போர்ட் என்பவை கணினிக்குக் கொடுக்கப்படும் வெவ்வேறு உத்தரவுகள்.

எண்களில் சொன்னால் தெளிவாகும். மிதியைக் கால்வாசி அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நிலையில் இன்ஜின் தன் பலத்தில் கால்வாசியைத் தருகிறது. அதே அழுத்தத்துக்கு எக்கோவில் எட்டில் ஒரு பங்குதான் வரலாம். ஸ்போர்ட்டில் பாதி வரலாம். இவை விளக்கத்துக்கான எண்கள். மாடலுக்கு மாடல் வேறுபடும். ஆனால் மிதியைத் தரை வரை அழுத்தினால், பெரும்பாலான வண்டிகளில் எந்த நிலையிலும் முழு பலமும் வந்துவிடும். சில வண்டிகளில் மட்டும் எக்கோ நிலை உச்ச பலத்துக்கே ஒரு வரம்பு போடுகிறது.

இதிலிருந்து முதல் முடிவு கிடைக்கிறது. உங்கள் வண்டி கையால் கியர் மாற்றும் வண்டி, அதில் எக்கோ நிலை மிதியின் கணக்கை மட்டுமே மாற்றுகிறது என்றால், எக்கோவில் ஆழமாக மிதித்தும் சாதாரண நிலையில் லேசாக மிதித்தும் ஒரே வேகத்தில் போகலாம். அப்படிப் போனால் செலவாகும் எரிபொருளும் ஒன்றுதான். இன்ஜினுக்கு உள்ளே போகும் காற்றும் எரிபொருளும்தான் கணக்கு. கால் எவ்வளவு இறங்கியது என்பது இன்ஜினுக்குத் தெரியாது. மூத்த டிரைவர் சொன்னது இதைத்தான்: குறைத்துக் கிடைக்கிறது என்று கூடுதலாக மிதித்தால் மிச்சம் காணாமல் போகும்.

ஆறு குதிரை போதும்

அப்படியானால் இளையவருக்குக் கிடைத்த மைலேஜ் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு கார் எதற்காக எரிபொருளைச் செலவழிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஓடும் காரை மூன்று செலவுகள் தின்கின்றன. ஒன்று உருள் தடை. டயர் தரையில் நசுங்கி நிமிர்வதால் வருவது. இரண்டு காற்றுத் தடை. மூன்று, நின்ற வண்டியை வேகத்துக்குக் கொண்டுவரும் செலவு. பிரேக் போட்டவுடன் இது முழுவதும் சூடாகப் போய்விடும். மலைப் பாதையில் ஏற்றம் நான்காவது செலவு. டெல்டாவில் அது கிட்டத்தட்ட இல்லை. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எண்பது கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே போனால் நாகப்பட்டினத்தில் கடல். ஆயிரம் அடி நடந்தால் ஒரு அடிகூட இறங்காத சரிவு. ஆற்றுநீர் மெல்லப் பாய அது போதும். காருக்கு அது சமதளமே.

இந்தச் சமதளத்தில் சுமார் 1,200 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக எவ்வளவு சக்தி வேண்டும்? உருள் தடையையும் காற்றுத் தடையையும் கூட்டினால் ஆறு குதிரைத்திறன் அளவுக்குத்தான் வருகிறது. நாம் வாங்குவதோ 80, 100, 120 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின். மீதிப் பலம் எல்லாம் வேகம் எடுக்கவும், முந்தவும், எப்போதாவது ஏற்காடு போகவும்தான் தேவைப்படுகிறது.

இதே கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1 லட்சத்து 67 ஆயிரம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3.2 கோடி ஜூல் உண்டு. அதில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்தால் 80 லட்சம் ஜூல். ஆகவே வண்டியை நிற்க வைத்துத் திரும்ப 60க்குக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 20 மில்லி லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஒரு பிரேக்குக்கு இரண்டு ரூபாய். அதே பெட்ரோலில் சீராக அறுநூறு மீட்டருக்கு மேல் போயிருக்கலாம். 80இலிருந்து பிரேக் போட்டால் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. காரணம், வேகம் கூடும்போது இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது.

இப்போது தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகப் போகும் பழைய சாலையை நினைத்துப் பாருங்கள். நாற்பது கிலோமீட்டர்தான். கடைத்தெருக்கள், வேகத்தடைகள், பள்ளிக்கூட வாசல்கள், ரோட்டில் பாதியை அடைத்துக் காயும் நெல், வைக்கோல் ஏற்றிய டிரெய்லர், அறுப்பு முடிந்த வயலுக்கு ஓட்டிச் செல்லப்படும் வாத்துக் கூட்டம். 25 முறை முழுதாக வேகம் இழந்து எடுத்தால் அரை லிட்டர் பெட்ரோல் பிரேக்கில் போகிறது.

இளையவரின் மைலேஜ் வந்த இடம் இதுதான். எக்கோவில் வண்டி மெதுவாக வேகம் பிடிக்கிறது. இரண்டு வேகத்தடைகளுக்கு நடுவே ஸ்போர்ட்டில் போகிறவர் 75ஐத் தொட்டு பிரேக் போடுகிறார். எக்கோவில் போகிறவர் 55ஐத் தொடுவதற்குள் அடுத்த வேகத்தடை வந்துவிடுகிறது. இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறார்கள். ஒருவருடைய பிரேக்கில் ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் எரிந்திருக்கிறது. பொத்தான் இங்கே இன்ஜினை மாற்றவில்லை, ஓட்டுநரின் நடத்தையை மாற்றியிருக்கிறது. அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டவருக்கு மிச்சம் உண்டு. எதிர்த்து மிதித்தவருக்கு இல்லை.

ரோட்டவேட்டர் சொல்லும் பாடம்

நடத்தையைத் தாண்டி, இன்ஜினுக்குள்ளும் ஒரு மிச்சம் இருக்கிறது. ஒரே வேலையை இன்ஜின் இரண்டு விதமாகச் செய்யலாம்: வேகமாகச் சுழன்று ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேலை, அல்லது மெதுவாகச் சுழன்று ஒவ்வொரு சுற்றிலும் நிறைய வேலை. இரண்டாவதுதான் சிக்கனம். ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன், பேரிங் உராய்வு என்று ஒரு நிலையான செலவு இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் இன்னொன்றும் சேரும். லேசான வேலையின்போது காற்று மடல் பாதிக்கு மேல் மூடியிருக்கும். அந்தச் சிறு இடைவெளி வழியாகக் காற்றை இழுக்கவே இன்ஜின் பலத்தைச் செலவழிக்கிறது. இதை ‘உறிஞ்சு இழப்பு’ எனலாம். கியரைக் கூட்டி, சுழற்சியைக் குறைத்தால் அதே வேகத்துக்கு மடல் அகலமாகத் திறக்க வேண்டியிருக்கும், இழப்பு குறையும்.

டெல்டா விவசாயிகள் பலருக்கு இது டிராக்டர் வழியாகத் தெரியும். டிராக்டரின் பின்புறம் மாட்டும் உழவுக் கருவியான ரோட்டவேட்டரைச் சுற்ற வைக்கும் தண்டு பி.டி.ஓ. அது நிமிடத்துக்கு 540 முறை சுற்ற வேண்டும். சாதாரண நிலையில் அதற்காக இன்ஜினை 1,800, 2,000 ஆர்.பி.எம். என்று ஏற்ற வேண்டியிருக்கும். பல டிராக்டர்களில் ‘எக்கானமி பி.டி.ஓ.’ என்ற இன்னொரு லீவர் நிலை இருக்கிறது. அதில் பல்சக்கர விகிதம் மாறி, இன்ஜின் 1,500ஐ ஒட்டிச் சுற்றினாலே தண்டுக்கு 540 கிடைத்துவிடும். மருந்து தெளிப்பான், ஜெனரேட்டர் போன்ற லேசான வேலைகளுக்கு டீசல் நன்றாக மிச்சமாகும். ஆனால் மேட்டூர் தண்ணீர் வந்தபின் ஆழச் சேற்றுழவு அடிக்கும்போது அந்த நிலையில் போட்டால் இன்ஜின் திணறும், புகை தள்ளும், வேலையும் கெடும். அங்கே சாதாரண நிலைதான் சரி. கார்களுக்குப் பொத்தான் வருவதற்கு முன்பே டிராக்டரில் இருந்த எக்கோ நிலை என்று இதைச் சொல்லலாம். இங்கே கணினி ஏதும் இல்லை, பல்சக்கரம் மட்டுமே. மிச்சத்துக்கு வேலையின் கனத்தைப் பொறுத்து எல்லை உண்டு என்பதையும் அதுவே காட்டிவிடுகிறது.

தானே கியர் மாற்றிக்கொள்ளும் காரில் எக்கோ நிலை செய்வதும் இதைத்தான். சாதாரணமாக 2,500 ஆர்.பி.எம். வரை காத்திருந்து அடுத்த கியருக்குப் போகும் வண்டி, எக்கோவில் 1,800லேயே போய்விடும். ஸ்போர்ட்டில் 4,000 வரை இழுத்துக்கொண்டு நிற்கும். காலை எடுத்தாலும் சற்று நேரம் கீழ் கியரிலேயே காத்திருக்கும், எந்த நொடியும் பாயத் தயாராக. இந்த எண்களும் மாடலுக்கேற்ப மாறும். இங்கே கிடைக்கும் மிச்சத்துக்கு ஓட்டுநரின் மனநிலை காரணமில்லை. கால் ஒன்றாகவே இருந்தாலும் ஆட்டோமேட்டிக் வண்டியில் எக்கோ கொஞ்சம் மிச்சம் தரும். கையால் கியர் மாற்றும் வண்டியில் இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும், பொத்தான் செய்யாது.

இன்னொரு மிச்சம் ஏ.சி.யில். மே மாதம் பெரிய கோயில் வாசலில் வெயிலில் நின்ற காரைக் குளிர்விக்கும்போது கம்ப்ரஸர் இரண்டு முதல் நான்கு குதிரைத்திறன் வரை கேட்கும். வண்டி ஓட ஆறே போதும் என்று பார்த்தோம்; அதோடு ஒப்பிட்டால் இது பெரிய பங்கு. பல கார்களில் எக்கோ நிலை கம்ப்ரஸரையும் மட்டுப்படுத்துகிறது. உள்ளே சற்று மெதுவாகக் குளிரும், எரிபொருள் குறையும். மரநிழலில் நிறுத்தினாலும் இதே மிச்சத்தில் ஒரு பகுதி பொத்தான் இல்லாமலே கிடைக்கும்.

இதெல்லாம் எப்படித் தெரியும்?

இன்ஜினை மட்டும் தனியே ஒரு மேடையில் பொருத்தி, சுமையை விருப்பப்படி ஏற்றி இறக்கி, ஒவ்வொரு சுழற்சி வேகத்திலும் எவ்வளவு எரிபொருள் போகிறது என்று அளப்பார்கள். அந்த அளவுகளை வரைபடமாக்கினால், ஒரு பகுதியில் மட்டும் எரிபொருள் மிகக் குறைவாகச் செலவாவது தெரியும்: நடுத்தரச் சுழற்சி, கனமான வேலை. அங்கே நல்ல பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் 35 சதவீதம் அல்லது அதற்கு மேலும் வேலையாக மாற்றும். ஊருக்குள் உருளும்போது அதே இன்ஜின் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். கியர் மாற்றும் நேரத்தை எக்கோ நிலைக்கு எழுதுகிற பொறியாளர்கள் இந்த வரைபடத்தை வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

முழு வண்டியைச் சோதிப்பது வேறு முறை. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., நமக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற மையங்களில் சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். சாலையின் தடையை உருளையே உண்டாக்கும். ஓட்டுநர் திரையில் வரும் வேகக் கோட்டை நொடிக்கு நொடி பின்பற்ற வேண்டும். இந்தியாவில் நெடுங்காலம் பயன்பட்டுவரும் ஓட்டச் சுற்று ஏறத்தாழ 20 நிமிடம்: நான்கு முறை நகர ஓட்டம், பிறகு 90 கிலோமீட்டர் வரை போகும் நெடுஞ்சாலைப் பகுதி. எரிபொருளை டேங்கில் அளப்பதில்லை. புகைக்குழாயிலிருந்து வரும் வாயுவைச் சேகரித்து, அதிலுள்ள கார்பனை எண்ணுவார்கள். எரிபொருளில் உள்ள கார்பன் எங்கும் மறைந்துபோக முடியாது, புகையில்தான் வந்தாக வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆகவே புகையை அளந்தால் பெட்ரோலை அளந்ததாகும்.

இந்தச் சோதனையின் அமைப்பே நம் வழக்குக்கு ஒரு சாட்சி. வேகக் கோடு நிலையானது. எக்கோவோ ஸ்போர்ட்டோ, ஓட்டுநர் அதே வேகத்தில்தான் போக வேண்டும். ஆகவே மிதியின் கணக்கு மாறுவதால் வரும் மிச்சம் இங்கே காணாமல் போய்விடும்; கியர் மாற்றம் போன்ற உண்மையான இயந்திர வேறுபாடு மட்டுமே மிஞ்சும். பல நாடுகள் பின்பற்றும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை முறையில் இதற்கென்றே விதி இருக்கிறது: எந்த நிலை வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எப்போதும் தானாக வருகிறதோ அந்த நிலையில் சோதிக்க வேண்டும், அப்படி ஒன்று இல்லையென்றால் நல்லதிலும் மோசமானதிலும் இரண்டு முறை சோதிக்க வேண்டும். பொத்தானால் எண் மாறும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியும்.

ஏ.சி. இல்லாமல், வெயில் இல்லாமல், வாத்துக் கூட்டம் இல்லாமல் ஓட்டிக் கிடைத்த அந்தச் சோதனை எண், நவக்கிரகச் சுற்றின் எண்ணாக இருக்க முடியாது. திங்களூரில் தொடங்கி ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று ஒரே நாளில் ஓடுகிற வண்டிக்கு, ஒவ்வொரு கோயில் வாசலிலும் ஏ.சி. ஓட நிற்பதும் கணக்கு. நிற்கும் வண்டி ஏ.சி.யோடு மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். எந்தப் பொத்தானும் அதை ஈடுகட்டாது. இன்ஜினை அணைப்பதுதான் வழி.

இழுவை என்ற உணர்வு

மைலேஜைப் போலவே முக்கியமானது ஓட்டும் உணர்வு. ‘ஸ்போர்ட்டில் வண்டி பறக்குது’ என்பதில் எவ்வளவு உண்மை? மிதியின் கணக்கை மட்டும் மாற்றும் வண்டியில், இரண்டு நிலைகளிலும் தரை வரை மிதித்து நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்கும் நேரத்தை அளந்தால் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். ஆனாலும் உடல் அப்படிச் சொல்லாது. நாம் பலத்தை நேரடியாக அளப்பதில்லை; கால் எவ்வளவு இறங்கியதற்கு முதுகு எவ்வளவு சீட்டில் பதிந்தது என்ற உறவை அளக்கிறோம். கொஞ்சம் மிதித்ததும் நிறையத் தள்ளினால் பலசாலி வண்டி. நிறைய மிதித்தும் கொஞ்சமே தள்ளினால் சோம்பேறி வண்டி.

தள்ளும் விசை எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதும் உணர்வைத் தீர்மானிக்கிறது. ஸ்போர்ட்டில் அது திடீரென வரும். ஓட்டுகிறவருக்கு உற்சாகம், பின் சீட்டில் இருக்கும் பாட்டிக்குக் கழுத்து வலி. எக்கோவில் கணினி அந்த மாற்றத்தை நீட்டி இழைத்துக் கொடுக்கும். ஊருக்குள் நகர்ந்து நகர்ந்து போகும்போது இதுதான் சுகம். ஸ்போர்ட்டில் ஸ்டீயரிங் கனமாவதும், சில வண்டிகளில் ஸ்பீக்கர் வழியாக இன்ஜின் ஒலி கூடுவதும் உணர்வுக்காக மட்டுமே. எரிபொருளோடு அவற்றுக்குத் தொடர்பில்லை என்றே சொல்லலாம். சில எஸ்.யூ.வி.களில் உள்ள சேறு, மணல் நிலைகளும் மைலேஜுக்கானவை அல்ல. ஐப்பசி அடைமழையில் களிமண் பாதையில் சக்கரம் வழுக்காமல் பிடிப்பதற்கானவை.

பொத்தானுக்கு எட்டாத இடங்கள்

நான்குவழிச் சாலையில் தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போகும்போது பிரேக் அதிகமில்லை. அங்கே எதிரி காற்று. 80இல் போவதைவிட 100இல் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆகவே கடைசிக் கியரில், ஸ்போர்ட் நிலையில் 80இல் போகிறவர், எக்கோ போட்டு 100இல் போகிறவரைவிடக் குறைவாகவே செலவழிப்பார். எக்கோ விளக்கு எரிவதால் மட்டும் காற்று வழிவிடாது.

இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது எக்கோ ஆபத்தாகலாம். எதிரே பஸ் வருகிறது, நீங்கள் வழக்கமான அளவு மிதிக்கிறீர்கள், எதிர்பார்த்த இழுப்பு வரவில்லை. முந்துவதற்கு முன்பே சாதாரண நிலைக்கு மாற்றிவிடுவது நல்லது. தரை வரை மிதித்தால் உங்கள் வண்டி எக்கோவிலும் முழு பலம் தருமா என்பதைக் காலியான சாலையில் முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள்.

மிச்சம் என்று பலர் நம்பும் ஒரு பழக்கம் உண்மையில் நட்டம்: நியூட்ரலில் உருட்டுவது. கியரில் இருக்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் பீய்ச்சியாக வேண்டும். இன்ஜின் பிரேக்கும் கைவிட்டுப் போகும்.

மிச்சம் காலில்தான் இருக்கிறது என்பதற்குப் பொத்தானே இல்லாத ஒரு வாகனமும் சாட்சி. அரசுப் போக்குவரத்துக் கழக பஸ்களில் டிரைவர் வாரியாக ‘கே.எம்.பி.எல்.’, அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு, டெப்போக்களில் பார்க்கப்படுகிறது. ஒரே தடத்தில், ஒரே வகை பஸ்ஸில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் எண் மாறுகிறது. அவர்களுக்கு எக்கோவும் ஸ்போர்ட்டும் காலிலேயே இருக்கின்றன.

மின்சாரக் காரிலும் இந்த நிலைகள் உண்டு, ஆனால் கணக்கு வேறு. மின் மோட்டார் பெரும்பாலான சுழற்சி வேகங்களில் திறமையாக வேலை செய்யும்; அங்கே கியர் மிச்சம் இல்லை. காலை எடுத்தால் இயக்க ஆற்றலின் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. பிரேக்கில் போகும் இரண்டு ரூபாயில் கணிசமான பங்கு திரும்பி வரும். எக்கோ நிலை அங்கே உச்ச பலத்தையும் ஏ.சி.யையும் குறைத்து, ஒரு சார்ஜில் போகும் தூரத்தைக் கூட்டுகிறது.

ஆகவே வழக்கின் தீர்ப்பு இது. கையால் கியர் மாற்றும் வண்டியில், எக்கோ பெரும்பாலும் உங்கள் காலுக்குப் போடும் கடிவாளம். கால் ஏற்றுக்கொண்டால்தான் மிச்சம். ஆட்டோமேட்டிக் வண்டியில் அதோடு உண்மையான இயந்திர மிச்சமும் கொஞ்சம் உண்டு. இந்தச் சமதளத்தில், நின்று நின்று போகும் சாலைகளில், பெரும்பாலான நேரம் எக்கோ போதும். முந்தும்போது சாதாரண நிலை. ஸ்போர்ட்டுக்கு இங்கே வேலை குறைவு. பிரேக்கின் எண்ணிக்கையும் நெடுஞ்சாலை வேகமும் இந்த மூன்றையும்விடப் பெரியவை.

சந்தேகம் இருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே பங்க்கில், ஒரே பம்பில், நாசில் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்புங்கள். ஒரு டேங்க் முழுவதும் எக்கோவில், அடுத்தது முழுவதும் சாதாரண நிலையில், அதே தடத்தில், அதே ஆட்களோடு ஓட்டுங்கள். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாமல், ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். ஒரு முறை வந்த வித்தியாசத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிலைகளை மாற்றி மாற்றி மூன்று நான்கு டேங்க் ஓட்டியபிறகு வரும் சராசரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கும் உங்கள் காலுக்கும் உங்கள் சாலைக்கும் பொருந்தும் எண் அதுதான்.